அடுத்த ஷிப்ட்

எங்கள் பக்கத்தில் ஒருவர் வேலைக்குப் போகிறார் என்றால் ஜனங்கள் கேட்கிற முதல் கேள்வி சம்பளத்தைப் பற்றியதல்ல. "எந்த ஷிப்ட்டு?" என்பதுதான். வள்ளூர் அப்படிப்பட்ட ஊர். ஒரு பக்கம் அத்திப்பட்டில் வடசென்னை அனல் மின் நிலையம். இன்னொரு பக்கம் எங்கள் ஊர்ப் பெயரையே தாங்கி நிற்கிற, மூன்று 500 மெகாவாட் அலகுகள் கொண்ட மின் நிலையம். என்டிபிசியும் தமிழ்நாடு மின்வாரியமும் கூட்டுச் சேர்ந்து கட்டியது, 2012க்கும் 2014க்கும் இடையில் அலகு அலகாக ஓடத் தொடங்கியது. கிழக்கே காமராஜர் துறைமுகமும் காட்டுப்பள்ளியும். தெற்கே மணலி. இருபத்துநாலு மணி நேரமும் யாராவது ஒருவர் வேலை முடிந்து வந்துகொண்டிருப்பார், யாராவது ஒருவர் கிளம்பிக்கொண்டிருப்பார்.

என் அப்பா மணலிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பம்ப் ஹவுஸ் ஆபரேட்டர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன நோட்டு இருக்கும். ராத்திரி ஷிப்டில் நடப்பதை அதில் கிறுக்கி வைத்துக்கொண்டு, விடிவதற்குள் லாக் புக்கில் நல்ல கையெழுத்தில் ஏற்றிவிடுவார். சின்ன வயதில் அந்த நோட்டை எடுத்துப் படிப்பது எனக்கு ஒரு பொழுதுபோக்கு. இப்படி இருக்கும்: "2.40. மூணாம் நம்பர் பம்ப் சத்தம். பேரிங் சூடு. கிரீஸ் வெச்சாச்சு. சத்தம் குறையல. காலை ஷிப்ட் பார்க்கவும்." இவ்வளவுதான். யார் மீதும் பழி இல்லை, விளக்கவுரை இல்லை. என்ன கண்டார், என்ன செய்தார், என்ன மிச்சம் என்பது மட்டும்.

"ஏன்பா இவ்ளோ எழுதணும்? நேர்ல சொல்லிட்டா போச்சுல்ல?" என்று ஒருமுறை கேட்டேன்.

"நான் சொல்றது அவனுக்கு மட்டுந்தான். எழுதி வெச்சா மூணு ஷிப்டுக்கும்" என்றார்.

பொறியியல் கல்லூரியில் கணினி அறிவியல் சேர்ந்தபோது இதை நான் மறந்தே போயிருந்தேன். கல்லூரியில் நிரல் எழுதுவது என்றால் டர்போ சி. நீலத் திரை. போர்லாண்டு நிறுவனம் 1987இல் முதலில் வெளியிட்ட கருவி. நாங்கள் சேர்ந்தது 2007இல். உலகம் எங்கேயோ போயிருந்தது, எங்கள் லேப் அதே இடத்தில் நின்றது. எந்த நிரலானாலும் மேலே 'கோனியோ டாட் எச்' என்று ஒரு வரி, 'வாய்ட் மெயின்', முதல் வேலையாகத் திரையைத் துடைக்கும் 'கிளியர் ஸ்கிரீன்', கடைசியில் ஒரு எழுத்துக்காகக் காத்திருக்கும் 'கெட்ச்'. இவை ஏன் என்று யாரும் கேட்பதில்லை. பிள்ளையார் சுழி ஏன் என்று யார் கேட்பார்கள்?

எழுதிய நிரலை ரெக்கார்டு நோட்டில் வலப்பக்கம் எழுத வேண்டும். இடப்பக்கம் பென்சிலால் கட்டம் போட்டு வெளியீடு. அது ஓடியதோ இல்லையோ, கட்டத்துக்குள் விடை சரியாக இருக்க வேண்டும். மாறிகளுக்கு ஏ, பி, சி என்று பெயர். அவை தீர்ந்தால் ஏ1, ஏ2. வெளியிலிருந்து வரும் தேர்வாளர் கையெழுத்துப் போட்டதும் அந்த நோட்டின் ஆயுள் முடிந்தது. அதற்கப்புறம் அதைப் படிக்க உலகத்தில் ஒருவரும் இல்லை. நான்கு வருடம் நாங்கள் எழுதியதெல்லாம் ஒரே ஒரு வாசகருக்கு. அவரும் படிக்கவில்லை, புரட்டினார்.

அந்தக் காலத்தில் உபுண்டு லினக்ஸ் இயங்குதளத்தின் சிடியை இலவசமாகவே தபாலில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 'ஷிப்இட்' என்று பெயர். 2011 ஏப்ரலில் நிறுத்திவிட்டார்கள். விலாசம் கொடுத்தால் சில வாரங்களில் அட்டை உறைக்குள் சிடி வரும். வெளிநாட்டிலிருந்து வள்ளூருக்கு வந்த தபாலை எங்கள் தபால்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னா தம்பி, படமா?" என்றார். ரிச்சி தெருவில் பழைய பாகங்களாக வாங்கிக் கோத்த கணினி ஒன்று வீட்டில் இருந்தது. அதில் போட்டேன். ஏறிவிட்டது. கல்லூரி நிரல் ஒன்றை அப்படியே அடித்து ஜிசிசி என்ற கம்பைலரிடம் கொடுத்தேன். முதல் வரியிலேயே நின்றது: கோனியோ டாட் எச் என்று ஒரு கோப்பே இல்லை.

இந்தியாவில் டர்போ சியில் படித்துவிட்டு லினக்ஸுக்கு வந்த எந்த மாணவரைக் கேட்டாலும் இந்த ஒரு பிழைச் செய்தியை நினைவில் வைத்திருப்பார். கல்லூரியில் கேட்டேன். "லினக்ஸெல்லாம் சிலபஸ்ல இல்லப்பா" என்று பதில் வந்தது. சீனியர் ஒருவர்தான் வழி சொன்னார். "ஐஐடிக்குப் போ. மாசாமாசம் ரெண்டாவது சனிக்கிழமை மூணு மணிக்கு. காசு கிடையாது. யார் வேணும்னாலும் போலாம்."

அதுதான் இந்திய லினக்ஸ் பயனர் குழு, சென்னை. ஐலக்சி என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 1998 ஜனவரியில் தொடங்கியது. அலுவலகம் இல்லை, உறுப்பினர் சந்தா இல்லை. கூட்டம் நடந்தது ஐஐடியின் ஏரோஸ்பேஸ் துறையில், கஜேந்திரா சர்க்கிள் பக்கத்தில், ஒரு வகுப்பறையில். அத்திப்பட்டு புதுநகரில் கும்மிடிப்பூண்டி வண்டியைப் பிடித்து சென்ட்ரல், அங்கிருந்து பூங்கா நகரில் பறக்கும் ரயில், கஸ்தூரிபாய் நகரில் இறங்கி நடை. எண்ணூரிலிருந்து தண்டையார்பேட்டை வரை ஜன்னலில் கை வைத்தால் கரி ஒட்டும். அந்தக் கையோடு போய் இறங்கினால் ஐஐடிக்குள் மான் மேய்கிறது. ஒரே நகரம்தானா இது என்று இருக்கும்.

வகுப்பறைக்குள் யார் யாரோ இருந்தார்கள். டைடல் பார்க்கில் பெரிய வேலையில் இருப்பவர், ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், பிளஸ் டூ படிக்கும் பையன். முன்னால் நின்று பேசுகிறவர் பேராசிரியர் இல்லை. போன மாதம் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தவர். பாதியில் ஒருவர் கை தூக்கி "அது தப்பு" என்கிறார். பேசுகிறவர் கோபித்துக்கொள்ளாமல் "அப்டியா? காட்டுங்க" என்று இடம் விடுகிறார். கேள்வி கேட்டால் இன்டர்னல் மார்க் குறையும் என்ற ஊரிலிருந்து போனவனுக்கு அது ஒரு காட்சிதான்.

என்னிடம் லேப்டாப் கிடையாது. நிரலையும் பிழைச் செய்தியையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். எந்த உபுண்டு, எந்த ஜிசிசி, என்ன கட்டளை கொடுத்தேன், என்ன வந்தது, அந்த வரியை எடுத்துவிட்டுப் பார்த்தபோது என்ன ஆனது, எல்லாம் வரிசையாக. கூட்டம் முடிந்து டீ குடிக்கும் இடத்தில் ஒருவரிடம் தயங்கித் தயங்கி நீட்டினேன். முப்பத்தைந்து வயதிருக்கும், தோள்பையோடு நின்றார். தாளை ஒரு நிமிஷம் படித்தார்.

"கோனியோ டாஸுக்கானது தம்பி. சியோட சேர்ந்தது இல்ல. எடுத்துடு. வாய்ட் மெயினும் வேணாம், இன்ட் போடு." இவ்வளவு சொல்லிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "இதை இப்டி எழுதணும்னு யார் சொல்லிக் குடுத்தா?"

"யாரும் இல்லண்ணா."

"பக் ரிப்போர்ட்டு இப்டித்தான் எழுதணும். எங்க ஆபீஸ்ல எழுத மாட்டேங்கறாங்க."

ரயிலில் திரும்பி வரும்போதுதான், யாரும் இல்லை என்று சொன்னது முழு உண்மையில்லை என்று பட்டது. அந்தத் தாளின் அமைப்பு அப்பாவின் நோட்டிலிருந்து வந்தது. கண்டது, செய்தது, மிச்சம்.

அப்புறம் பல சனிக்கிழமைகள். அங்கே போனதால் நான் ஒரு மொழியைக் கற்றேன் என்று சொல்ல மாட்டேன். மொழியை வீட்டில் உட்கார்ந்தே கற்கலாம். அங்கே கிடைத்தது வேறு. கல்லூரியில் நிரல் என்பது தேர்வாளருக்காக எழுதுவது. அங்கே நிரல் என்பது அடுத்து வருகிறவருக்காக எழுதுவது. மாறிக்கு ஏ1 என்று பெயர் வைத்தால் பக்கத்தில் இருப்பவர் "இது என்ன?" என்று கேட்பார். சொல்ல வேண்டியிருக்கும். சொல்லி முடித்ததும், "அதையே பேரா வெச்சிடலாமே" என்பார்.

பைத்தான் மொழி அங்கே பலருக்குச் செல்லம். நெதர்லாந்துக்காரர் கைடோ வான் ராஸம் 1991இல் வெளியிட்டது. அதில் உள்தள்ளல் அழகுக்காக இல்லை, இலக்கணமே அதுதான். இடைவெளி சீராக இல்லை என்றால் நிரல் ஓடாது. சியில் எல்லா வரியையும் இடது ஓரத்தில் ஒட்டி எழுதிப் பழகிய எங்களுக்கு முதலில் அது எரிச்சல். பைத்தான் நிரலை எப்படி எழுத வேண்டும் என்று 2001இல் ஒரு நடைக் கையேடு எழுதினார்கள், 'பெப் 8' என்று பெயர். அதன் அடிப்படையே ஒரு எளிய கணக்கு: நிரல் எழுதப்படுவதைவிட அதிகமாகப் படிக்கப்படுகிறது. எழுதுகிறவன் ஒருமுறை சிரமப்பட்டால் படிக்கிற நூறு பேர் தப்பிப்பார்கள்.

தமிழ்நாட்டில் அந்தப் பழக்கத்தைப் பரப்பியவர்களில் உதகையில் இருந்த கென்னத் கான்சால்வஸ் முக்கியமானவர். லினக்ஸ் வட்டத்திலும் பைத்தான் வட்டத்திலும் அவரைத் தெரியாதவர் குறைவு. இந்தியப் பைத்தான் ஆர்வலர்களுக்கென்று ஒரு சங்கம் அமைய அவர் பாடுபட்டார். 2012 ஆகஸ்டில் இறந்தார். அந்த ஆண்டிலிருந்து பைகான் இந்தியா மாநாட்டில் அவர் பெயரால் ஒரு விருது தருகிறார்கள். அந்த மாநாடு 2009இல் பெங்களூரில் தொடங்கியது. சென்னைக்கு வந்து சேர்ந்தது 2019 அக்டோபரில், நந்தம்பாக்கம் வர்த்தக மையத்துக்கு. நான் போயிருந்தேன். பெரிய மேடை, பெரிய திரை. ஆனாலும் விஷயம் நடந்தது என்னவோ நடைவழியில்தான், ஒரு லேப்டாப்பைச் சுற்றி நாலு பேர் நின்றுகொண்டு.

படிப்பு முடிந்து கிண்டியில் ஒரு சின்ன நிறுவனத்தில் சேர்ந்தேன். நிரல்கள் எல்லாம் ஒரு பொதுக் கணினியில் கோப்புறைகளாகக் கிடந்தன. 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'நியூ ஃபைனல்', 'ரவி டச் பண்ணாதே'. எது வாடிக்கையாளரிடம் ஓடிக்கொண்டிருக்கிறது என்பது ஒருவருக்குத்தான் தெரியும். அவர் லீவு போட்டால் நாங்களும் லீவு மாதிரிதான். அங்கே கிட்டைக் கொண்டுவர ஓர் ஆண்டு பிடித்தது.

கிட் வந்த கதையே ஒரு சண்டையில் தொடங்கியது. லினக்ஸ் கெர்னலை உலகம் முழுவதும் இருக்கிறவர்கள் சேர்ந்து எழுதுகிறார்கள். யார் எப்போது எதை மாற்றினார் என்று கணக்கு வைக்க பிட்கீப்பர் என்ற தனியார் கருவியை இலவசமாகப் பயன்படுத்திவந்தார்கள். 2005இல் அந்தச் சலுகை நின்றது. லினஸ் டோர்வால்ட்ஸ் வேறு கருவி தேடிப் பார்த்துவிட்டு, அந்த ஆண்டு ஏப்ரலிலேயே தானே ஒன்றை எழுதத் தொடங்கினார். அதுதான் கிட். ஒவ்வொரு மாற்றத்தோடும் யார், எப்போது, ஏன் என்று ஒரு குறிப்பு நிற்கும். கணினிக்கு அந்தக் குறிப்பு தேவையே இல்லை. ஒற்றைப் புள்ளி வைத்தாலும் ஏற்றுக்கொள்ளும். எங்கள் அலுவலகத்திலும் முதலில் 'சேஞ்சஸ்', 'ஃபிக்ஸ்டு', 'ஃபிக்ஸ்டு அகெய்ன்' என்றுதான் எழுதினார்கள்.

புதிதாக வந்தவர்களுக்கு நான் அப்பாவின் வரியைத்தான் சொல்லிக் கொடுத்தேன். முதல் வரியில் என்ன செய்தாய். ஒரு வரி விட்டு, என்ன கண்டாய், அதனால் ஏன் இப்படிச் செய்தாய், என்ன மிச்சம். "ரெண்டு வருஷம் கழிச்சு ராத்திரி ரெண்டு நாப்பதுக்கு ஒருத்தர் இதைப் படிப்பார். அவருக்கு எழுது." சிலர் சிரித்தார்கள். சிலர் எழுதினார்கள். அப்படி எழுதப்பட்ட குறிப்பு ஒன்று பிறகு ஒரு ராத்திரி எங்களைக் காப்பாற்றியது; எழுதியவர் அதற்குள் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டிருந்தார்.

இதற்கிடையே தமிழில் ஒரு நல்ல காரியம் நடந்துகொண்டிருந்தது. 2012 ஜனவரியில் கணியம் இதழ் தொடங்கியது. த. சீனிவாசனும் நண்பர்களும் லினக்ஸ், பைத்தான், கட்டற்ற மென்பொருள் எல்லாவற்றையும் தமிழில் எழுதிக் குவித்தார்கள். து. நித்யா எழுதிய மைஎஸ்க்யூஎல் நூலை எங்கள் தெருப் பெண் ஒருத்தி படித்துவிட்டு என்னிடம் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்ல நான் திரும்பப் படிக்க வேண்டியிருந்தது. 2011 செப்டம்பரில் திருவள்ளூரை அடுத்த காக்களூரில் அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியதும், எங்கள் பக்கம் பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகள் கையிலும் கணினி வந்தது. தொடக்கத்தில் வந்தவற்றில் விண்டோஸோடு, சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. பெரும்பாலோர் அந்தப் பக்கம் போகவே இல்லை. படம் பார்க்க ஒரு பக்கம் போதுமே.

நாலைந்து பிள்ளைகளை ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் திண்ணையில் உட்கார வைத்தேன். முத்து அண்ணாமலை 2007இல் உருவாக்கத் தொடங்கிய எழில் என்ற தமிழ் நிரல்மொழியை எடுத்துக்கொண்டோம். பைத்தானால் கட்டப்பட்டது, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். முதல் நாள் எழுதியது இது:

வயது = 16
@( வயது >= 18 ) ஆனால்
   பதிப்பி "ஓட்டு உண்டு"
இல்லை
   பதிப்பி "இன்னும் கொஞ்ச நாள்"
முடி

எழிலில் யாரும் வேலை தரப்போவதில்லை. அது எனக்கும் தெரியும், பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் கோலனும் ஆங்கில எழுத்துக்கூட்டலும் குறுக்கே நிற்காததால் ஒரு மணி நேரத்தில் நிபந்தனை, சுழற்சி இரண்டும் முடிந்தது. அதே பிள்ளைகள் அடுத்த மாதம் பைத்தானுக்குத் தாவினார்கள். அவர்களுக்கும் ஒரு விதி வைத்தேன்: எழுதியவர் வாய் திறக்கக் கூடாது, பக்கத்தில் இருப்பவர்தான் நிரலைப் படித்து என்ன செய்கிறது என்று சொல்ல வேண்டும். பக்கத்தில் இருப்பவர் திணறினால் எழுதியவர் திருத்த வேண்டும். சண்டை வரும். பெயர்கள் நன்றாக அமையும்.

தமிழில் எழுதுவது ஒன்று, தமிழைக் கணினி கையாளுவது வேறு. பைத்தானின் பழைய பதிப்பில் தமிழ்ச் சொல் ஒன்றைக் கொடுத்தால் 'ஆஸ்கி' என்று தொடங்கி ஒரு பிழை வந்து விழும். 2008 டிசம்பரில் வந்த பைத்தான் 3தான் எல்லா எழுத்துச் சரங்களையும், எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் யூனிகோடாகப் பார்க்கத் தொடங்கியது. பழைய பதிப்புக்கு 2020 ஜனவரி 1ஆம் தேதியோடு மூடுவிழா. ஆனால் பைத்தான் 3லும் 'தமிழ்' என்ற சொல்லின் நீளம் கேட்டால் ஐந்து என்று சொல்லும். த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மூன்று என்று சொல்லும். பிள்ளை சொல்வதுதான் சரி. இந்த இடைவெளியை அடைக்க முத்து அண்ணாமலையும் தோழர்களும் ஓபன்-தமிழ் என்ற நிரலகத்தை எழுதி வைத்திருக்கிறார்கள். அதனிடம் கொடுத்தால் த, மி, ழ் என்று எழுத்து எழுத்தாகப் பிரித்துத் தரும். வெகுநாள் வரை எனக்கு அது ஒரு சுவாரஸ்யம் மட்டுமே. உண்மையில் எதற்கு ஆகும் என்று 2023 டிசம்பரில்தான் தெரிந்தது.

மிக்ஜாம் புயலில் வடசென்னை நாள்கணக்கில் தண்ணீரில் கிடந்தது. எங்கள் பக்கமும் அப்படித்தான். கூடவே எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்து மீனவர்களின் வலையும் படகும் வீணாயின. நண்பர்கள் சேர்ந்து ஒரு கல்யாண மண்டபத்தில் அரிசி, பருப்பு, பாய், போர்வை என்று கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். 2015 வெள்ளத்தின்போது ஓபன்ஸ்ட்ரீட்மேப்பை வைத்துத் தண்ணீர் நின்ற தெருக்களைப் பொதுமக்களே குறித்த வரைபடம் ஒன்று சென்னைக்கு மிகவும் பயன்பட்டது. அந்த நினைவில் இங்கேயும் கணினிக்காரர்கள் உற்சாகமாகக் கிளம்பிவிட்டோம். இங்கே தேவைப்பட்டது வரைபடம் அல்ல, ஒரு பட்டியல். கரண்ட் இல்லை, செல்போன் சிக்னல் இல்லை. எனவே தாளில் அச்சடித்த பட்டியல்.

பெயர்கள் பல வழியாக வந்தன. ஒன்று நோட்டுப் புத்தகப் பக்கத்தின் படம். ஒன்று எக்செல். இன்னொன்று பழைய வானவில் எழுத்துருவில் அடித்தது, திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியுமாகத் தெரியும். எல்லாவற்றையும் யூனிகோடுக்குக் கொண்டுவந்து, நண்பர் ஒருவர் பைத்தானில் பத்து வரி எழுதி அகரவரிசைப்படுத்தி, பக்கத்து ஊர் கடையில் ஜெனரேட்டர் போட்டு அச்சடித்துக் கொண்டுவந்துவிட்டார்.

மேஜையில் உட்கார்ந்து பெயரைத் தேடிக் குறி போடும் வேலை ஓய்வு பெற்ற தமிழாசிரியை ஒருவருக்கு. வரிசையில் நின்ற ஒருவர் தன் பெயரைச் சொன்னார். அம்மா விரலை வைத்துத் தேடினார். இல்லை. பக்கம் புரட்டினார், இல்லை. பின்னால் வரிசை முணுமுணுத்தது. கடைசியில் வேறெங்கோ கிடைத்தது. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எங்களைக் கூப்பிட்டார்.

"இது என்னப்பா அகரவரிசை? கணபதி, கணேசன், அப்புறம் கண்ணனா? 'ண்' முன்னாடி வருமா, 'ண' முன்னாடி வருமா?"

நண்பர் என்னைப் பார்த்தார். நான் தாளைப் பார்த்தேன். அன்பழகனுக்கு அப்புறம் அமுதா. ஊர்ப் பட்டியலில் அத்திப்பட்டு, அனுப்பம்பட்டு, அம்பத்தூர், அயனாவரம். ஆசிரியை சொன்ன கணக்கில் அனுப்பம்பட்டு கடைசியில் நிற்க வேண்டும். பள்ளிக்கரணைக்கு அப்புறம் பழவேற்காடு, அதுவும் தலைகீழ்.

காரணம் எனக்குத் தெரியும். பைத்தான் எழுத்தைப் பார்ப்பதில்லை, எண்ணைப் பார்க்கிறது. யூனிகோடு இந்திய மொழிகளுக்கு இடம் ஒதுக்கியபோது இஸ்கி என்ற பழைய இந்தியத் தரத்தின் அமைப்பை எடுத்துக்கொண்டது. அது எல்லா இந்திய எழுத்துகளையும் தேவநாகரி வரிசையில் ஒன்றுக்கு நேர் ஒன்றாக அடுக்கியது. அதனால் ன போய் நவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது; ற, ரவுக்குப் பக்கத்தில்; ள, ழவுக்கு முன்னால். புள்ளிக்கு எல்லாக் கொக்கி கால்களுக்கும் பிறகு எண். ஆகவே கணபதி முன்னே, கணேசன் நடுவே, கண்ணன் பின்னே. கணினியைப் பொறுத்தவரை அது சரியான விடைதான். வரிசையில் நிற்கிறவருக்குத்தான் அது தவறு.

நல்ல வேளையாக என் லேப்டாப்பில் ஓபன்-தமிழ் ஏற்கனவே இருந்தது. பேட்டரியிலும் கொஞ்சம் உயிர் இருந்தது. தமிழ் முறைப்படி இரண்டு சொற்களை ஒப்பிட்டு எது முந்தையது என்று சொல்லும் செயற்கூறு அதில் உண்டு. நண்பரின் நிரலில் மாற்றியது ஒரே ஒரு வரி. அடுத்த அச்சில் ஆசிரியை விரல் வைத்த இடத்தில் பெயர் இருந்தது. "இப்பதான் ஒழுங்கா இருக்கு" என்றதோடு அவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

வரிசையைவிடக் கடினம் இரட்டிப்பு. எங்கள் ஊரையே சிலர் வள்ளூர் என்றும் சிலர் வல்லூர் என்றும் எழுதியிருந்தார்கள். செய்தித்தாளிலும் மின் நிலையத்துக்கு இரண்டாவது எழுத்துக்கூட்டல்தான் பெரும்பாலும் வரும். ஒரே குடும்பம் இரண்டு முறை. முதலெழுத்து முன்னால் போட்ட ஒருவர், பின்னால் போட்ட அதே ஒருவர். ஒன்றுபோல் தோன்றுவதையெல்லாம் நிரலே நீக்கிவிடலாம் என்றார் ஒருவர். நாங்கள் அதைச் செய்யவில்லை. நிரல் சந்தேகத்தை மட்டும் மஞ்சளில் காட்டட்டும், முடிவு தெருக்காரர் சொல்லட்டும் என்று வைத்தோம். ஒரே தெருவில் ஒரே முதலெழுத்தோடு இரண்டு கண்ணன் இருப்பது எங்கள் ஊரில் அதிசயமில்லை. ஒருவரை நீக்கினால் அந்த வீட்டுக்குப் பாய் இல்லை.

தண்ணீர் வடிந்த பிறகு அந்தச் சின்ன நிரலைப் பொதுவில் வைத்தேன். ஜனங்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் ஒன்றுகூட அதில் இல்லை. உண்மைப் பட்டியலை வெளியே எடுத்து, பொதுப் பெயர்களை மட்டும் வைத்துச் சோதனைகள் எழுதினேன். சோதனை என்றால், நிரலில் யார் எதை மாற்றினாலும் தானாக ஓடி, பழைய கோளாறு திரும்பவில்லை என்று உறுதி செய்துகொள்ளும் ஒரு துண்டு. சில மாதங்கள் கழித்து யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் ஒரு திருத்தம் அனுப்பினார். அங்கே தகப்பன் பெயரை முழுதாக முன்னால் எழுதுவார்கள். என் நிரல் அதை அந்த ஆளின் சொந்தப் பெயர் என்று எடுத்துக்கொண்டு தவறான இடத்தில் வைக்கிறதாம். திருத்தத்தோடு மூன்று சோதனைகளும் வைத்திருந்தார். குறிப்பில் என்ன கண்டார், என்ன செய்தார், இன்னும் எது சரியாகவில்லை என்று எழுதியிருந்தார். மணலிப் பம்ப் ஹவுஸுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

இப்போது திண்ணைப் பிள்ளைகள் கேட்டால் நிரலை இயந்திரமே எழுதித் தருகிறது. டர்போ சி போனது, பைத்தான் 2 போனது, இதுவும் ஒரு கருவி. நன்றாகவே எழுதுகிறது. வரிசைப்படுத்தச் சொன்னால் ஒரு நொடியில் வரிசைப்படுத்தித் தரும். அந்த வரிசையை நம்பி மண்டபத்தில் யார் நிற்கிறார்கள் என்பதை நாம்தான் போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுத வேண்டும். என் தெருப் பெண் போன வாரம் அந்தப் பட்டியல் நிரலின் வேகத்தைக் கூட்டுகிறேன் என்று இயந்திரத்தைக் கொண்டு பாதியை மாற்றி அனுப்பினாள். பார்க்க அழகாக இருந்தது, வேகமாகவும் ஓடியது. சோதனையில் நின்றுவிட்டது: கண்ணன், கணபதி, கணேசன் என்று வர வேண்டிய இடத்தில் கண்ணன் கடைசியில்.

"ஏன் அண்ணா, இதுல என்ன தப்பு?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. அந்தச் சோதனையை முதலில் சேர்த்த நாளின் குறிப்பைத் திறந்து படிக்கச் சொன்னேன். புயல், மண்டபம், ஆசிரியை, விரல், எல்லாம் ஆறு வரியில் அங்கே இருந்தது. படித்துவிட்டு அவளே திருத்தினாள். திருத்தியதற்குக் கீழே அவள் எழுதிய குறிப்பு என்னுடையதைவிடத் தெளிவு.

அப்பா ஓய்வு பெற்று வருடங்களாகிவிட்டன. அவர் எழுதிய லாக் புக் எந்த அலமாரியில் இருக்கிறதோ, இருக்கிறதோ இல்லையோ. எங்கள் தொழிலில் அப்படிப்பட்ட குறிப்பு அழிவதில்லை; யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம் என்பது மட்டும்தான் வித்தியாசம். இனி அந்த நிரலைத் தொடுகிறவர் டொராண்டோவில் இருக்கலாம், மீஞ்சூரில் இருக்கலாம், இயந்திரமாகவும் இருக்கலாம். கண்ணனைக் கணபதிக்கு முன்னால் நிறுத்திக் காட்டிவிட்டுத்தான் அவர் மேற்கொண்டு போக முடியும்.